அண்ணன் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறார்

மஸ்கெலியா பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு 34 வயது. தோட்டத்தில் சவுக்கு மரத்தில் ஏறி வாது வெட்டும்போது விழுந்து, முள்ளந்தண்டு வடம் அடிபட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கண்டியில் ஒப்பரேஷன், அப்புறம் ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் 3 மாதம், அதன் பிறகு லயத்துக்கே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கே வந்துவிட்டார். வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தாராம். நாலைந்து மாதமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே இருக்கிறார். பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. தண்ணீர் குடிக்கச் சொன்னால் கோபம் வருகிறது. சிறுநீரில் கிருமி வந்து 2 தடவை காய்ச்சல். முதுகுக்குக் கீழே ஒரு புண் ஆரம்பித்து, இப்போது ஆறியிருக்கிறது. "முதலில் உடம்பைத் தேற்றினால் மனசு தானாகச் சரியாகுமா, இல்லை மனசுக்கென்று தனியாக மருந்து எடுக்கணுமா? கால் போன மனுசனுக்கு மனசு மட்டும் எப்படி நல்லா இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்" என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, நான் புனர்வாழ்வு வார்டில் 18 வருடம் தாதியாக இருந்தவள். பிறந்து வளர்ந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில். அதனால் உங்கள் அண்ணன் படுத்திருக்கிற காம்பராவை என்னால் கண்ணால் பார்க்க முடிகிறது. நேரே பதில் சொல்கிறேன். இரண்டையும் ஒன்றாகத்தான் தொடங்க வேண்டும். உடம்பு முதலில், மனசு பிறகு என்று வரிசை போட்டால் இரண்டும் கெடும்.

அக்கம்பக்கத்துச் சொல்லைத்தான் முதலில் தள்ளிவைக்க வேண்டும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களில் 100 பேரை எடுத்தால், 20 முதல் 30 பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரண ஆட்களை விட இது மிகவும் அதிகம்தான். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 70, 80 பேருக்கு அப்படி இல்லை. அவர்களிலும் கால் அசையாதவர்கள், வீல்செயாரில் இருப்பவர்கள் நிறையப் பேர். அப்படியென்றால் கால் போனால் மனசும் போகத்தான் வேண்டும் என்று விதி கிடையாது. மனச்சோர்வு இந்தக் காயத்தோடு சேர்ந்து வரக்கூடிய ஒரு சிக்கல், படுக்கைப் புண் மாதிரி. படுக்கைப் புண் வந்தால், "முதுகு உடைந்தவருக்குப் புண் வராமலா இருக்கும்" என்று யாரும் விட்டுவிடுவதில்லை, மருந்து கட்டுகிறோம். இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அடிபட்டது எவ்வளவு பெரிது என்பதற்கும் மனச்சோர்வு வருவதற்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு இல்லை. கழுத்தில் அடிபட்டுக் கையும் வராதவர் சிரித்துப் பேசுவார். ஒரு கால் மட்டும் பலவீனமானவர் உடைந்துபோய் இருப்பார். தீராத வலி, அடிக்கடி வரும் தொற்று, வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை, பேச ஆள் இல்லாத நிலை, கையில் காசில்லாத நிலை, இவைதான் ஒருவரைக் கீழே இழுக்கின்றன. இவற்றில் பலவற்றை நம்மால் மாற்ற முடியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

துக்கமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. விழுந்த முதல் மாதங்களில் அழுவது, கடவுளைத் திட்டுவது, யாரையும் பார்க்க விரும்பாமல் இருப்பது எல்லாம் துக்கம். துக்கத்தில் இருப்பவர் பிள்ளை மடியில் ஏறினால் கொஞ்சம் சிரிப்பார், பிடித்த கறி சமைத்தால் இன்னும் கொஞ்சம் கேட்பார். அலை மாதிரி வரும், போகும். மனச்சோர்வு அப்படி வந்து போகாது. நாள் முழுவதும், வாரக் கணக்கில் ஒரே மாதிரி அழுத்திக்கொண்டிருக்கும். உங்கள் அண்ணன் வந்த புதிதில் நன்றாக இருந்து பிறகு மாறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் கவனமாகப் படித்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் வரை, "வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்" என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து, இஸ்தோப்பை, அதாவது வாசல் திண்ணையைத் தாண்டி வீல்செயார் இறங்காது என்று தெரிந்த பிறகுதான் பலருக்கு உண்மையில் மனசு விழுகிறது.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்கம் இல்லை, பசி இல்லை, களைப்பு என்பவை மனச்சோர்வின் அறிகுறிகள். ஆனால் இரவில் திருப்பிப் படுக்க வைப்பதாலும், கால் வெட்டி இழுப்பதாலும் தூக்கம் கெடும். சிறுநீர்த் தொற்று இருந்தால் பசி போகும். இரத்தம் குறைந்தால் களைப்பு வரும். இழுப்புக்குக் கொடுக்கும் பக்லோபன், வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் மாதிரி மாத்திரைகளும் ஆளை மந்தமாக்கும். அதனால் டொக்டர் முதலில் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிப்பார். அதைத் தட்டிக்கழிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பக்லோபனை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

மனசைத் தெரிந்துகொள்ள 2 கேள்வி போதும். கடந்த 2 வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனசு பாரமாக, நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா? முன்பு பிடித்த விஷயங்களில்கூட விருப்பம் இல்லாமல் போய்விட்டதா? ஆனால் இந்த வார்த்தைகளில் நம் ஆட்களிடம் கேட்டால் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். "நெறைய யோசனை வருதாண்ணே?" என்று கேளுங்கள். யோசனை என்று நம் ஊரில் சொன்னால் அதற்குள் எல்லாம் அடக்கம். "நெஞ்சு கனக்குதா, மண்டை விறைக்குதா" என்று கேட்டாலும் வாய் திறப்பார்கள். கிரிக்கெட் பைத்தியமாக இருந்தவர் மெட்ச் போட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், அது எல்லாக் கேள்விக்கும் மேலான பதில்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் இதுதான் முக்கியமாகப் பட்டது.

தலவாக்கலைப் பக்கம் ஒரு அண்ணனைப் பார்க்க ஒரு தடவை வீட்டுக்கே போனேன். அவரும் தண்ணீர் குடிப்பதில்லை. மனைவி அழுதுகொண்டே, "வேணுமின்னே சாகப் பாக்குறாரு மிஸ்" என்றார். நான் அவரிடம் ஏன் குடிப்பதில்லை என்று கேட்கவில்லை. சிறுநீரை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கதவுப் பக்கம் கையைக் காட்டினார். கக்கூஸ் லயத்தின் கோடியில், 22 படி இறங்கினால் வரும். மனைவிதான் சிறுநீர் வழியில் மெல்லிய டியூப் (கதீட்டர்) போட்டுச் சிறுநீரை எடுத்து, வாளியில் ஊற்றி, இரவு மழையில் பக்கத்து வீட்டு இஸ்தோப்புகளைத் தாண்டிக்கொண்டு போக வேண்டும். காலையில் அந்தப் பெண்தான் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கவும் வேண்டும். அவர் பகல் 12 மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. "ராத்திரி அவ எறங்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். அவர் சாகப் பார்க்கவில்லை. மனைவியைப் படியில் இறக்காமல் இருக்கத்தான் பார்த்தார்.

ஆனால் உடம்புக்கு அந்தக் காரணம் தெரியாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, கிருமி பெருகி, காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் கால் இழுப்பு கூடும், பசி போகும், படுக்கையிலேயே கிடப்பார், புண் வரும். புண் வந்தால் உட்கார முடியாது, உட்கார முடியாவிட்டால் வாசலையும் பார்க்க முடியாது. மனசு இன்னும் இறங்கும், தண்ணீர் இன்னும் குறையும். உங்கள் அண்ணனுக்கும் இந்தச் சுற்றுத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டில் நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. இறுக்கமான மூடி போட்ட 5 லீட்டர் கேன் ஒன்றைக் கட்டிலுக்குக் கீழே வைத்தோம். இரவில் எடுப்பதை அதில் ஊற்றிவிட்டு, விடிந்த பிறகு மகன் கொண்டுபோய்க் கொட்டினான். அதை விட முக்கியமான வேலை, அவரே தன் கையால் டியூப் போடப் பழகியது. வயிற்றுக்குக் கீழே அடிபட்டு, இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஆணுக்கு இது முடியும். ஒரு வாரம் கைநடுங்கும், அப்புறம் பழகிவிடும். மூன்றாவது வாரம் போனபோது, "மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊத்து, எனக்கும் ஒண்ணு" என்று அவரே மனைவியிடம் சொன்னார். மாத்திரை எதுவும் ஆரம்பிப்பதற்கு முன்னால் நடந்தது இது.

உங்கள் வீட்டில் டியூப் போடுவது யார் என்று எழுதவில்லை. அம்மாதான் என்றால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 34 வயது ஆண், ஒரு நாளைக்கு 5 தடவை அம்மா முன்னால் உடுப்பைக் களைந்து கிடக்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பாமல் வேறு எந்தப் பக்கம் திரும்புவார்? தானே போடக் கற்றுக்கொண்டால் கிருமி வருவதும் குறையும், அந்தக் கூச்சமும் போகும். ராகமையில் பழக்கியிருப்பார்கள். விட்டுப்போயிருந்தால் கிளினிக்கில் கேளுங்கள், மறுபடியும் பழக்குவார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 4 முதல் 6 தடவை. ஒரு தடவைக்கு 500 மில்லிலீட்டருக்கு மேல் வரக்கூடாது, வந்தால் நேர இடைவெளியைக் குறைக்க வேண்டும். கை கழுவுவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தண்ணீரை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் குடிக்கட்டும், இரவு படுக்கப் போகும் முன் 2 மணி நேரம் மட்டும் குறைக்கட்டும். எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவருடைய டொக்டரிடம் கேட்டு ஒரு போத்தலில் கோடு போட்டு வையுங்கள். சிறுநீர் கலங்கி, நாற்றம் கூடி, காய்ச்சலோ குளிரோ வந்தால் அந்த நாளே போக வேண்டும். டிஸ்பென்சரியில் கொடுக்கும் பனடோலோடு 3 நாள் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

மலம் போவதும் இப்படித்தான். பலர் சாப்பாட்டைக் குறைப்பதே மலம் போகாமல் இருக்கத்தான். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்குப் பிறகு அதற்கென்று நேரம் ஒதுக்கினால் குடல் பழகிக்கொள்ளும். மற்ற நேரத்தில் தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் போனால்தான் ஒருவர் நாலு பேருக்கு நடுவில் உட்காரத் துணிவார். இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் என் அனுபவத்தில், வெளியே வராமல் முடங்கிப்போனவர்களில் பாதிப் பேரை முடக்கியது காலில்லை, இந்தப் பயம்தான்.

தோலைப் பற்றி. ஒரு சின்னக் கைக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். காலையும் இரவும் அவரே பக்கவாட்டில் சாய்ந்து, பிட்டம், முதுகின் அடி எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால் எல்லாம் பார்க்கட்டும். சிவந்தோ கறுத்தோ இருக்கிற இடத்தில் விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் மாற வேண்டும். மாறாவிட்டால் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தின் மேல் பாரம் விழவே கூடாது. படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப வேண்டும். வீல்செயாரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்று இரண்டு நிமிடம் பாரத்தை எடுக்க வேண்டும். ஏற்கெனவே புண் வந்து ஆறிய தோல் பழைய பலத்துக்கு வராது, அதே இடம்தான் மறுபடி உடையும். ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிட்டால் புண் ஆறாது. முட்டை, பருப்பு, நெத்தலி, கடலை, இதில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

மலைநாட்டுக்கென்றே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நம் குளிருக்குச் சுடுதண்ணிப் போத்தலைக் காலுக்கு அணைவாக வைப்பது வழக்கம். நுவரெலியாவில் ஒரு வீட்டில், ஜனவரிப் பனியில், மகன் குளிரில் கிடக்கிறானே என்று ஒரு தாய் இரவு முழுவதும் போத்தலை அவன் காலடியில் வைத்திருந்தார். அவனுக்குச் சூடு தெரியவில்லை. காலையில் போர்வையை எடுத்தபோது இரண்டு குதிகாலும் கொப்பளித்துப் போயிருந்தன. ஆற 4 மாதம் எடுத்தது, அந்த 4 மாதமும் அவன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அந்தத் தாய் இன்றைக்கும் அதைச் சொன்னால் கையைப் பிசைவார். அவர் மேல் பிழை இல்லை, யாரும் சொல்லிக்கொடுக்காததுதான் பிழை. உணர்வில்லாத தோலுக்குப் பக்கத்தில் போத்தல் வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார வைக்கவும் வேண்டாம், மடியில் சூடான கோப்பை வைக்க வேண்டாம். கம்பளிக் காலுறை 2 போடுங்கள், தையல் உள்ளே உறுத்தாமல்.

எரிச்சல் வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. உணர்வே இல்லாத காலில் எப்படி வலிக்கும் என்று வீட்டார் நம்புவதில்லை, சில நேரம் பேய், செய்வினை என்றும் போய்விடுகிறார்கள். அது உண்மையான வலி. அடிபட்ட நரம்பு தானாகவே தவறான செய்தியை மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பனடோல் அதற்குக் கேட்காது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் மாதிரி நரம்பு வலிக்கென்று மருந்துகள் இருக்கின்றன. இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்தால் எந்த மனுசனுக்கும் மனசு விழும். அதனால் "எரியுதா" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அவர் சொன்னால் நம்புங்கள்.

இதைப் படிக்கிற மற்ற குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை. நெஞ்சுக்குழிக்கு மேலே, அதாவது ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் வலி, முகம் சிவப்பு, வியர்வை, கூடவே இரத்த அழுத்தம் எகிறுவது என்று வந்தால் அது உயிராபத்து. பதற்றம், மனசுக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். உங்கள் அண்ணனுக்குத் தொப்புள் மட்டம் என்பதால் இந்தப் பயம் பெரிதாக இல்லை.

இனி மருந்து. மேலே சொன்னதையெல்லாம் செய்துகொண்டே மனநலக் கிளினிக்கும் போக வேண்டும். உங்கள் பக்கத்துக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலைதான் கிட்ட. வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் எந்த நாள், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். செர்ட்ரலின், ஃபுளொக்ஸெட்டின் மாதிரி மாத்திரைகள் கொடுக்கலாம். போட்ட அன்றைக்கே ஒன்றும் தெரியாது. 2 முதல் 4 வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும், முழுப் பலனுக்கு 6 வாரத்துக்கு மேலும் ஆகலாம். சரியான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நல்லாத்தானே இருக்கிறேன் என்று நிறுத்தித் திரும்ப விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது போதை மருந்தும் இல்லை, பைத்தியத்துக்குக் கொடுப்பதும் இல்லை. டொக்டரிடம், "இவருக்கு முள்ளந்தண்டு வடம் அடிபட்டிருக்கிறது, இன்ன மாத்திரையெல்லாம் குடிக்கிறார்" என்று பெட்டியோடு காட்டுங்கள். சில மருந்துகள் மலச்சிக்கலையும் சிறுநீர் தேங்குவதையும் கூட்டும். சிலருக்கு இழுப்புக் கூடும். ட்ரமடோல் குடிக்கிறவர் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், மனச்சோர்வு மாத்திரையோடு அது ஒத்துப்போகாமல் போகலாம்.

மொழி ஒரு பெரிய தடை, எனக்குத் தெரியும். ஒரு ஆஸ்பத்திரியில் 10 வயது மகளை நடுவில் நிற்க வைத்துத் தகப்பனிடம், "சாக வேண்டும் போல் இருக்கிறதா" என்று சிங்களத்தில் கேட்க வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளை, "அப்பாவுக்கு நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டது. தகப்பன் சொன்னது அது இல்லை. வயது வந்த, இரண்டு மொழியும் தெரிந்த, அண்ணன் நம்புகிற ஒருவரைக் கூட்டிப்போங்கள். தமிழ் தெரிந்த தாதி, டொக்டர் இருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

சாவைப் பற்றிக் கேட்க வேண்டும், தங்கச்சி. "இப்படி இருக்கிறதுக்குச் செத்துரலாம்னு தோணுதாண்ணே?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை. கேட்டதே பலருக்கு ஆறுதல். ஆமாம் என்றாலோ, எப்படி என்று யோசித்து வைத்திருந்தாலோ, தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். அண்ணன் என்ன பதில் சொன்னாலும் ஒன்றை இன்றே செய்யுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்து போத்தல் வீட்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அவருடைய மாத்திரைகளையும் ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே வைத்து, மிச்சத்தைப் பூட்டி வையுங்கள். அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரை கொஞ்சம் அதிகமானாலும் இதயத்தைப் பாதிக்கும்.

மருந்தோடு சேர்ந்து வேலை செய்வது, செய்வதற்கு ஒரு வேலை இருப்பது. மனசு நன்றானதும் எழும்புவார் என்று காத்திருக்கக்கூடாது. எழும்ப எழும்பத்தான் மனசு நன்றாகும். ஒரு நாளைக்கு ஒரு சின்ன விஷயம் போதும். நான் சொன்ன தலவாக்கலை அண்ணன் முன்பு கவ்வாத்து வேலையில், அதாவது தேயிலைச் செடி வெட்டிவிடுவதில் பெயர் எடுத்தவர். இஸ்தோப்பில் உட்கார்ந்து பக்கத்து லயத்துக் கவ்வாத்துக் கத்திகளைத் தீட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். கல்லில் தண்ணீர் தெளித்து, பெருவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து, திருப்தி இல்லாவிட்டால் மறுபடி தீட்டுவார். கத்தியோடு வந்தவர்கள் கதையும் கொண்டுவந்தார்கள். கவ்வாத்துக் காலத்தில் அவர் வாசலில் ஆள் நிற்காத நாள் இல்லை. உங்கள் அண்ணனுக்குக் கையில் என்ன தெரியும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

உடற்பயிற்சியையும் மருந்து மாதிரியே எண்ணுங்கள். முள்ளந்தண்டு வடம் பாதித்தவர்களுக்கென்று 2018-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி, வாரத்துக்கு 2 தடவை 20 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கான பயிற்சி, கூடவே 2 நாள் கைக்கும் தோளுக்கும் பலம் கூட்டும் பயிற்சி என்று சொல்கிறது. மண் நிரப்பிய 2 போத்தலைத் தூக்கினாலும் சரி, வீல்செயார்க் கைப்பிடியை ஊன்றி உடம்பை எழுப்பினாலும் சரி. காலை அசைத்துவிடும்போது மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். நிற்காத காலின் எலும்பு பலம் குறைந்துவிடும், முரட்டுத்தனமாக மடக்கினால் முறியும்.

லயத்துப் படிதான் பெரிய எதிரி. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்வு வேண்டும் என்பது கணக்கு. நம் வாசலில் அவ்வளவு இடம் நேராகக் கிடைக்காது. இஸ்தோப்புச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கட்டினால் கிடைக்கும். தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் எழுத்தில் கேளுங்கள். சீமெந்து கிடைத்தால் லயத்துப் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போட்டுவிடுவார்கள்.

வேலை நேரத்தில் விழுந்தவர் என்பதால் 1934-ன் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க முடியும், அதைச் செய்தீர்களா என்று பாருங்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்று மருத்துவச் சான்று இருந்தால் ஊழியர் சேமலாப நிதியையும் (EPF) எடுக்கலாம். மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்குக் கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். காசுக் கவலையும் மனச்சோர்வைக் கூட்டும், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கோயிலில் கயிறு கட்டினால் அதற்குக் கோபப்படாதீர்கள், கிளினிக்குக்கும் வருவார் என்றால் கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வாரத்தில் அரை நாளாவது அவர் அந்தக் காம்பராவை விட்டு வெளியே போக வேண்டும். நீங்களோ, ஒரு பெரியம்மாவோ அந்த நேரம் இருங்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் இதே மனச்சோர்வு வரும், நான் பார்த்திருக்கிறேன். அந்த 2 கேள்வியை அம்மாவிடமும் கேளுங்கள்.

இதே மாதிரி அடிபட்டு, வீல்செயாரில் வாழ்கிற ஒருவரை அண்ணன் சந்திக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். நான் 100 தடவை சொன்னது ஏறாத காதில், அப்படி ஒருவர் ஒரு தடவை சொன்னது ஏறியிருக்கிறது. ராகமையிலோ, கண்டிக்குப் பக்கத்தில் திகன புனர்வாழ்வு வைத்தியசாலையிலோ கேட்டால் பழைய நோயாளிகள் யாராவது போனில் பேசச் சம்மதிப்பார்கள்.

இந்த வாரத்துக்கு இவ்வளவு செய்யுங்கள்: கைக்கண்ணாடி, மூடி போட்ட கேன், சிறுநீர்ச் சோதனை, கிளினிக் நாள். அதற்கு முன்னால், இன்றைக்கு இரவு அம்மா தூங்கிய பிறகு அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தால் என்ன சிரமம் வருகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள். கூடவே டியூப் எத்தனை தடவை, யார் போடுகிறார், கக்கூஸுக்கு எத்தனை படி என்றும் எழுதுங்கள்.